மூன்று தடவை தட்டப்பட்ட கதவு: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஜீவியம்



நம்ம தாமலிலிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் வாலாஜா, ராணிப்பேட்டை, அப்புறம் வேலூர். வேலூர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் அபூர்வம். ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் நம்மில் அநேகர். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது. அதற்கு வித்திட்டது, ஒரு ராத்திரியில் மூன்று தடவை தட்டப்பட்ட ஒரு வீட்டுக் கதவு. அந்தக் கதவைத் திறந்த இளம்பெண்ணின் ஜீவியத்தை இந்த மாதம் தியானிப்போம்.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்த மிஷனெரி வைத்தியர். அப்பாவும் டாக்டர்தான். ஆற்காடு மிஷனில் ஊழியம் செய்த குடும்பம். ஊழியக்கார வீட்டுப் பிள்ளை என்றால் சின்ன வயதிலேயே ஊழிய வாஞ்சை இருந்திருக்கும் என்று நாம் நினைப்போம். இந்தப் பிள்ளைக்கு அது இல்லை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரிய பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, அதுதான். ஆறு வயது ஐடா, தாங்களாகவே எடுத்துச் சாப்பிடக்கூடப் பெலன் இல்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு வைத்தாளாம். அந்தக் காட்சி அவள் மனதில் பயமாகத் தங்கிவிட்டது. இந்தியா என்றாலே பசி, வெயில், சாவு. பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. அப்பாவும் அதன்பின் அம்மாவும் ஊழியத்துக்குத் திரும்பிவிட, ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் பக்கத்தில் இல்லாமல் போவது எப்படிப்பட்ட வேதனை என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டார்.

பிரசங்கியார் டி. எல். மூடி நார்த்ஃபீல்டில் நிறுவிய பெண்கள் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்தால் கலியாணம், அமெரிக்காவில் சுகமான ஒரு வீடு, இதுதான் அவர் போட்ட திட்டம். மிஷனெரியாக மட்டும் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

அந்த ராத்திரி

அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததால் 1890-ல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். அம்மாவைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்பதுதான் எண்ணம்.

ஒரு நாள் ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டினவர் ஒரு பிராமண வாலிபர். மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, நீங்கள் வரவேண்டும் என்று கெஞ்சினார். ஐடா, எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார், நானும் கூட வந்து உதவி செய்கிறேன் என்றார். அந்நிய ஆண் என் மனைவியைப் பார்க்கிறதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லி அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேதனை, அதே கெஞ்சல், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார்.

ஐடா அந்த ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

தேவபிள்ளையே, இதைக் கவனித்துப் பாருங்கள். அந்த வீட்டில் ஜெபம் இருந்தது, வேதம் இருந்தது, கைதேர்ந்த ஒரு டாக்டரும் இருந்தார். அந்த மூன்று பெண்களின் பக்கத்தில் போய் உட்காரத் தகுதியான ஒரு ஆள்தான் இல்லை. ஐடா அறைக்குள் போய் நெடுநேரம் ஜெபித்தார். வெளியே வந்து பெற்றோரிடம், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, இந்த ஸ்திரீகளுக்காகத் திரும்பி வருகிறேன் என்று அறிவித்தார். சுகமான வீடு என்ற கனவு அன்றோடு முடிந்தது.

ஒரு அறை, ஒரு கட்டில்

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பெண்கள் பட்டம் வாங்கினது அந்த வருஷம்தான் முதல் தடவை. புறப்படும் முன் நியூயார்க்கில் வங்கி நடத்திய ஷெல் என்ற வயதான சீமான், காலஞ்சென்ற தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா மீண்டும் இந்திய மண்ணில் இருந்தார். தோழி ஆனி ஹான்காக்கும் கூடவே வந்தார். ஐடா வைத்தியத்தில் இறங்க, ஆனி வேலூரில் வீடு வீடாய்ப் போய், வெளியே வரமுடியாத ஸ்திரீகளோடு உட்கார்ந்து பேசும் ஊழியத்தை எடுத்துக்கொண்டார்.

அப்பாவிடம் இருந்து தொழில் பழகலாம் என்று ஐடா நம்பியிருந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண், தனி ஆள். கட்டடமும் இல்லை, நர்சும் இல்லை. வீட்டிலே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, ஒரு கட்டில். உதவிக்கு, சலோமி என்ற பெண். முதல் இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 வியாதியஸ்தர்களைப் பார்த்தார். 1902-ல் நாற்பது கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

மரத்தடி வைத்தியம்

கட்டடம் வந்தாச்சு, இனி வேண்டியவங்க தேடி வரட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் வரமுடியாதவர்கள் கிராமங்களில் கிடக்கிறார்களே என்ற பாரம் அவரை அழுத்தியது. 1906-லிருந்து சாலையோர வைத்தியத்தை ஆரம்பித்தார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சின்ன மோட்டார் கார் வந்தது. அதன் சத்தத்தைக் கேட்டு, பேய் வருகிறது என்று ஜனங்கள் வயல் பக்கமாய் ஓடினதாகச் சொல்வார்கள்.

வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் போவார். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவார், கண்ணுக்கு மருந்து விடுவார், பல்லைப் பிடுங்குவார். குஷ்டரோகிகளை ஊரே ஒதுக்கிவைத்த காலம் அது. அவர்களும் அந்த மரத்தடிக்கு வந்தார்கள், அவர்களையும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் எல்லா சாதியும் இருந்தது, எல்லா மதமும் இருந்தது.

இதில் அற்புதம் எங்கே என்று சிலர் கேட்கலாம். வெயிலோ மழையோ, அம்மா இந்த வாரமும் வருவாங்க என்று ஒரு ஏழைக் கிழவி நிச்சயமாய்ச் சொல்ல முடிந்ததே, அது சின்ன காரியமா? கைவிடப்பட்டவர்களுக்கு அந்த நிச்சயமே பாதி மருந்து.

தான் ஒருத்தி போதாது

ஒரே ராத்திரியில் மூன்று கதவு தட்டப்பட்டால் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போவாள்? ஐடா அம்மையாருக்கு இது நன்றாய்த் தெரிந்திருந்தது. 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி திறந்தபோது, மூன்று பெண்கள் வந்தாலே அதிகம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. விண்ணப்பம் போட்டவர்கள் 151 பேர்! 1922-ல் முதல் அணியில் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். எந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டாலும், உள்ளே போய் உட்காரத் தகுதியான 14 பெண்கள்.

பிறகு, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்தாவிட்டால் பள்ளியை நடத்த முடியாது என்ற நெருக்கடி வந்தது. எழுபது வயதில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராய் உதவி திரட்டினார். 1942-ல் பட்டப்படிப்பு வந்தது. பின்னர் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1946-ல் பொறுப்பை மற்றவர்களிடம் ஒப்படைத்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிப் போட்ட கடிதம்கூட அவர் கைக்குச் சேர்ந்ததாகச் சொல்வதுண்டு. 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், 89-ஆம் வயதில் கொடைக்கானலில் கர்த்தருக்குள் இளைப்பாறினார். கடைசிவரை கலியாணம் செய்துகொள்ளவில்லை.

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, நாம் எல்லாரும் டாக்டர் ஆக முடியாது. ஆனால் நம் கதவும் தட்டப்படுகிறது. சபையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர் என்று போனிலே சொல்லிவிடுகிறோம். நேரில் போனாலும் நின்றபடியே ஜெபம், கண்ணைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறோம், அதற்குள் பாக்கெட்டில் போன் அடிக்கிறது. ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிற ஜனம் நாம், ஜெபத்தைக் கேட்கிற தேவன் நமக்கு உண்டு. ஆனால் ஜெபித்த அதே வாய், சாப்பிட்டீங்களா, ராத்திரி துணைக்கு யார் இருக்காங்க என்றும் கேட்க வேண்டாமா?

லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்தும், அழுகிறவர்கள் நடுவில் நின்று அவரும் கண்ணீர் விட்டார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் சரியாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தப்பினார்கள். நம் இரட்சகரும் பரலோகத்திலிருந்து ஆறுதல் செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிடவில்லை. தாமே இறங்கி வந்து, நம் தெருவில் நடந்து, நம் வீட்டில் சாப்பிட்டார்.

கோர்வைச் சேலை நெய்கிறவங்களுக்கு இது நன்றாய்ப் புரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ளிக் கொடுத்தால்தான் கரை சேரும். வீட்டிலிருந்தபடியே, நான் உனக்குத் துணை என்று சொல்லி அனுப்பினால் கரை சேருமா?

இந்த வாரத்தில் ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். புருஷனை இழந்த சகோதரியின் வீடாக இருக்கலாம், கண் மங்கித் தறியை விட்டு இறங்கின பெரியவரின் வீடாக இருக்கலாம், குடியினால் சமாதானம் இழந்த வீடாக இருக்கலாம். அவர்கள் நம் சபைக்கு வருகிறவர்களா என்று பார்க்க வேண்டாம். அந்த ராத்திரி கதவைத் தட்டின மூவரில் ஒருவர்கூட சபை ஆள் இல்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். பேச்சைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். அவர்கள் விரும்பினால் ஜெபியுங்கள். அடுத்த வாரமும் அதே நாளில் போங்கள்.

பரிசுத்த ஆவியானவர் நம்மோடு தங்கியிருக்கிறவர். அவரால் நிறைந்திருக்கிறோம் என்று சாட்சி சொல்லுகிற நாம், பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு மணி நேரம் தங்கக் கற்றுக்கொள்வோம். கர்த்தர் தாமே அந்தக் கிருபையை நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக. ஆமென்.