இம்பாலில் திசை மாறிய போர்: பின்வாங்கலில் பாடம் கற்ற தளபதி வில்லியம் ஸ்லிம்

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் என்றால் ஸ்டாலின்கிராட், நார்மண்டி ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவை நோக்கிய ஜப்பானின் படையெடுப்பு முறிந்ததோ மணிப்பூரிலும் நாகா மலைகளிலும்தான். 1944-இல் அங்கு போரை நடத்திய 14-ஆவது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே எல்லை மலைகளின் வழியாகத் தோற்றுத் திரும்பியவர்.

ஸ்லிம் 1891-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இரும்புச் சாமான் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும் இருந்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டிராவிட்டால் அவர் ராணுவ அதிகாரியாகியிருக்க வாய்ப்பே இல்லை. கலிபோலியில் படுகாயமடைந்தபோதிலும், அங்கு கண்ட கூர்க்கா வீரர்கள் மீது பற்றுக்கொண்டு, பின்னர் இந்திய ராணுவத்தின் 6-ஆவது கூர்க்கா ரைபிள்ஸில் சேர்ந்தார். உருதுவும் கூர்க்காலியும் பேசக் கற்றார். குடும்பத்துக்குச் சம்பளம் போதாததால், ஆண்டனி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதைகளும் எழுதினார்.

1940-இல் சூடான் எல்லையில் இத்தாலியருக்கு எதிராக அவர் நடத்திய கல்லாபாத் தாக்குதல் பாதியில் நின்றுபோனது. துணிந்து முன்னேறுவதா, பின்வாங்குவதா என்ற நிலையில், தாம் துணிவற்ற வழியைத் தேர்ந்ததாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அதைவிடப் பெரிய சோதனை 1942 மார்ச்சில் வந்தது. பர்மாவில் சிதைந்துகொண்டிருந்த படையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரங்கூன் ஏற்கெனவே வீழ்ந்திருந்தது. வான்படையின் துணையின்றி, சாலையை நம்பிய படை, காட்டுக்குள் புகுந்து பின்னால் வழிமறிக்கும் ஜப்பானியரிடம் மீண்டும் மீண்டும் சிக்கியது. ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி, மே மாதம் மழை தொடங்கும் வேளையில் எஞ்சியோர் இந்தியா வந்து சேர்ந்தனர். அதே காலத்தில் லட்சக்கணக்கான இந்தியர்களும், அவர்களுள் தமிழர் பலரும், பர்மாவைவிட்டு வெளியேறினர். நடந்து வந்தவர்களில் எண்ணற்றோர் வழியிலேயே மடிந்தனர்.

தோல்விக்கான காரணத்தை ஸ்லிம் வீரர்களிடம் தேடவில்லை. 1943-இல் பர்மா முனையில் காயத்துக்காக ஒருவர் அனுப்பப்பட்டால், நோய்க்காக 120 பேர் அனுப்பப்பட வேண்டியிருந்தது. மலேரியா தடுப்பு மாத்திரையை வீரர்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடத்தச் செய்து, அலட்சியமாக இருந்த மூன்று அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கினார். எதிரி பின்னால் வந்தால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உணவும் குண்டும் வானிலிருந்து வரும் என்பது அவர் வகுத்த புதிய விதி. பாராசூட் துணி கிடைக்காதபோது, கல்கத்தா சணல் ஆலைகளில் சணல் பாராசூட்டுகள் தயாராயின. ஐரோப்பிய முனைகளுக்கே முன்னுரிமை கிடைத்த அக்காலத்தில், பர்மா முனை கைக்குக் கிடைத்ததை வைத்தே போரிட வேண்டியிருந்தது.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதகுச்சி மூன்று டிவிஷன்களுடன் இந்தியாவை நோக்கி வந்தார். இந்தியர்கள் இருபுறமும் நின்ற போர் இது. ஜப்பானியருடன் வந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர். எதிரே நின்ற 14-ஆவது படையிலும் பெரும்பாலோர் இந்தியரே.

எதிரியை இம்பால் சமவெளிக்கு வரவிட்டு அடிப்பது ஸ்லிம்மின் திட்டம். அதில் இரண்டு பிழைகள் நேர்ந்தன. முன்னணியில் இருந்த 17-ஆவது இந்திய டிவிஷனுக்குப் பின்வாங்கும் உத்தரவு தாமதமாகச் சென்றதால், அது எதிரியைப் பிளந்துகொண்டே திரும்ப வேண்டியதாயிற்று. கோஹிமாவுக்கு எதிரியின் ஒரு ரெஜிமென்ட் மட்டுமே வரும் என்று கணித்திருக்க, சாட்டோவின் 31-ஆவது டிவிஷன் முழுவதுமே வந்தது. அங்கு இருந்தவர்களோ சுமார் 2,500 பேர். அவர்களிலும் பலர் போரிடாத பணியாளர்கள்.

இந்தப் பிழையைச் சரிசெய்ய அவகாசம் தந்தவர்கள் களத்தில் நின்றவர்களே. சாங்ஷாக்கில் இந்தியப் பாராசூட் பிரிகேட் எதிரியைச் சில நாட்கள் தடுத்தது. அதற்குள் அரக்கானிலிருந்து 5-ஆவது இந்திய டிவிஷன் விமானங்களில் கொண்டுவரப்பட்டது. கோஹிமாவில் அசாம் ரெஜிமென்ட், ராயல் வெஸ்ட் கென்ட் வீரர்கள் உள்ளிட்டோர் ஏப்ரலில் இரு வாரங்கள் முற்றுகையைத் தாங்கினர். துணை ஆணையரின் டென்னிஸ் மைதானமே ஒரு கட்டத்தில் இரு தரப்புக்கும் இடைப்பட்ட களமானது. சாட்டோ கோஹிமாவை விட்டுவிட்டு, காவல் குறைந்த திமாப்பூர் கிடங்குகளை நோக்கிப் போயிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். அவருடைய முகாம் மீது குண்டுவீச விரும்பிய விமானப்படை அதிகாரிகளை ஸ்லிம் தடுத்தார். அத்தகைய எதிரி உயிருடன் இருப்பதே தமக்கு நல்லது என்று அவர் கருதினார்.

ஜூன் 22-இல் கோஹிமா–இம்பால் சாலை மீண்டும் திறந்தது. உணவு இல்லாத சாட்டோ, மேலிட உத்தரவை மீறி ஏற்கெனவே பின்வாங்கிவிட்டார். வந்த ஏறத்தாழ 85,000 ஜப்பானியரில் சுமார் 30,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பசியும் நோயும் கொன்றவர்களே அதிகம்.

அடுத்த ஆண்டு ஸ்லிம் தாக்குதலில் இறங்கினார். மாண்டலே நோக்கி ஒரு பகுதிப் படையை வெளிப்படையாக நகர்த்தி, மற்றொரு பகுதியை ரகசியமாகத் தெற்கே ஐராவதி ஆற்றைக் கடக்கவைத்தார். அது சென்ற தடத்தை மறைக்கப் போலி ரேடியோ செய்திகள் ஒலித்தன. 1945 மார்ச் தொடக்கத்தில் மெய்க்திலாவும், மார்ச் 20-இல் மாண்டலேயும் வீழ்ந்தன. மெய்க்திலாவைப் பிடித்தது, 1942-இல் சிட்டாங் பாலத்தருகே சிதறிய அதே 17-ஆவது இந்திய டிவிஷன்.

மே மாதம் ரங்கூன் மீட்கப்பட்ட சில நாட்களிலேயே, மேலதிகாரி லீஸ் அவரைப் பதவியிலிருந்து மாற்ற முயன்றார். எதிர்ப்பு கிளம்பியதால் அந்த முடிவு கைவிடப்பட்டு, இறுதியில் லீஸே நீக்கப்பட்டார். பின்னர் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைப் பொறுப்பையும், 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் பதவியையும் ஸ்லிம் வகித்தார். 1956-இல் வெளியான போர் நினைவு நூலில், டிவிஷனுக்குத் தாமதமான உத்தரவையும், கோஹிமா கணிப்பையும் தம்முடைய தவறுகளாகவே பதிவுசெய்தார். 1970 டிசம்பர் 14-இல் லண்டனில் காலமானார்.

கோஹிமாவின் டென்னிஸ் மைதானம் இன்று போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அதன் எல்லைகளை வெள்ளைக் கோடுகள் காட்டுகின்றன. தோட்டத்தின் மேற்பகுதியில், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது.