பருத்தி நிலத்தைக் காத்த கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் அவரையும் தாயையும் கடத்திச் சென்றனர்; குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தவர், 1896-இல் வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்று அலபாமாவின் டஸ்கீகி கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார்.

ஆண்டுதோறும் பருத்தியே விதைத்ததால் அங்கு நிலம் சத்திழந்து கிடந்தது. கறுப்பினக் குத்தகை விவசாயிகளோ கடனில் மூழ்கியிருந்தனர். விலை கொடுத்து உரம் வாங்கச் சொன்னால் அவர்களால் முடியுமா? சதுப்புநிலச் சேற்றையும் காட்டு இலைகளையும் எருவாக்கக் கற்றுக்கொடுத்தார் கார்வர். தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற சத்தாக மாற்றும். அதனால் பருத்திக்கு இடையே இவற்றை மாற்றிப் பயிரிடச் சொன்னார். கல்லூரிக்கு வர இயலாதவர்களைத் தேடி, 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி கிராமங்களுக்குப் புறப்பட்டது.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று இவரைச் சொல்வது தவறு. 1943-இல் மறைந்த கார்வர், தம் சேமிப்பை டஸ்கீகியின் ஆராய்ச்சிக்கே விட்டுச் சென்றார்.