ஊர்ச் சொற்களின் காவலர் ஜோசப் ரைட்

சந்தியில் கிறுகு என்று எங்கள் மூத்தம்மா சொல்லும்போதெல்லாம், திரும்பு என்று சொல்லுங்கள் எனத் திருத்துவேன். ஜோசப் ரைட்டின் வாழ்க்கையைப் படித்த பின் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அவர் 1855 இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். ஆறு வயதில் கல் அகழும் இடத்தில் கழுதை வண்டியோடு நடந்தார். அடுத்து நூல் ஆலையில் வேலை. 15 வயது வரை எழுத வாசிக்கத் தெரியாது. பின்னர் இரவுப் பாடசாலையில் கற்று, ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1901 இல் ஒக்ஸ்போர்ட்டில் பேராசிரியரானார்.

கற்றவரான பின்னும் ஊர்ப் பேச்சை அவர் இழிவாக எண்ணவில்லை. தான் வளர்ந்த விண்ட்ஹில்லின் பேச்சுக்கே 1892 இல் இலக்கண நூல் எழுதினார். அவர் பதிப்பித்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை 6 பாகங்களாக வெளிவந்தது.

ஒரு சொல்லை அதில் சேர்ப்பதா, விடுவதா? சிலர் மட்டுமே பேசும் சொல் என்பதற்காக அவர் எதையும் தள்ளவில்லை. எந்தப் பகுதியில் வழங்குகிறது, அதற்குச் சான்று என்ன என்றே பார்த்தார். சான்று போதாத சொற்களையும் வீசிவிடவில்லை. மேலும் தகவல் வேண்டி நிறுத்தி வைத்த சொற்கள் எனத் தனிப் பட்டியலாக அச்சிட்டார்.

1930 இல் அவர் காலமானார்.

இப்போது என் கொப்பியின் முதற்பக்கத்தில் ‘கிறுகு’ இருக்கிறது. சொன்னவர், ஊர், பொருள் மூன்றையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மூத்தம்மாவிடம் கேட்க இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.