கைநாட்டு என்றால் மூளை மட்டமா? எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் அலி திண்டுக்கல்லில் போட்ட மனக்கணக்கு!

தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் அவருக்கு எழுத வரும். அதையும் தலைகீழாகத்தான் போடுவார். ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு, மராத்தி, இந்துஸ்தானி என ஐந்து மொழிகளில் சரளமாகப் பேசுவார். நீளமான கணக்குகளை, கைதேர்ந்த கணக்கர்களைவிட வேகமாக மனசுக்குள்ளேயே போட்டு முடிப்பார்.

அவர்தான் ஹைதர் அலி. திப்பு சுல்தானின் அப்பா. மைசூர் ராஜ்ஜியத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தவர். ஆங்கிலேயக் கம்பெனியை சென்னை வாசலுக்கே போய்ப் பணிய வைத்தவர். சாதாரணப் படைத்தலைவராக இருந்த அவர் பெரிய ஆளாக மாறத் தொடங்கிய ஊர் திண்டுக்கல்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒருவரால் இவ்வளவு பெரிய சிக்கல்களை எப்படி யோசித்துத் தீர்க்க முடிந்தது? மூளை யோசிக்கும் விதத்தை ஆராயும் காக்னிட்டிவ் சயின்ஸ், அதாவது அறிதல் அறிவியல், இதற்கு என்ன விளக்கம் தருகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

அப்பாவை இழந்த சிறுவன்

ஹைதர் அலி பிறந்தது 1720 வாக்கில், இன்றைய கர்நாடகத்தின் கோலார் பகுதியில் உள்ள பூதிக்கோட்டையில். அப்பா ஃபத்தே முகமது ஒரு படைத்தலைவர். ஹைதர் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் போரில் இறந்துவிட்டார். உறவினர் ஒருவரின் துணையோடு அண்ணன் ஷாபாஸ் மைசூர் படையில் சேர்ந்தார். அண்ணன் பின்னாலேயே தம்பியும் போனார்.

1749-ல் நடந்த தேவனஹள்ளி முற்றுகையில்தான் ஹைதரின் துணிச்சல் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அப்போது மைசூரில் ராஜா பெயருக்குத்தான் இருந்தார். உண்மையான அதிகாரம் அமைச்சர் நஞ்சராஜாவிடம் இருந்தது. அவர் ஹைதருக்குச் சிறு படைப்பிரிவு ஒன்றைக் கொடுத்தார்.

அடுத்து திருச்சிராப்பள்ளி. 1752 முதல் 1755 வரை அங்கே நடந்த நீண்ட போரில் மைசூர் படையும் இறங்கியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வரிசையாக நின்று சுடுவதையும், பீரங்கிகளைக் கையாளும் முறையையும் ஹைதர் பக்கத்திலிருந்தே பார்த்தார். புத்தகம் படித்துக் கற்க முடியாதவருக்கு அந்தப் போர்க்களம்தான் பள்ளிக்கூடம்.

திண்டுக்கல்லில் என்ன நடந்தது?

1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரமும் நிர்வாகமும் சேர்ந்த பொறுப்பாளராக, நியமிக்கப்பட்டார். ஊருக்கு நடுவில் திண்டு போலக் கிடக்கும் அந்தப் பாறையின் மேல் மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை ஏற்கெனவே இருந்தது. சுற்றிலும் கன்னிவாடி, விருப்பாட்சி என ஏகப்பட்ட பாளையங்கள். அவை மைசூருக்கு ஒழுங்காகக் கப்பம் கட்டவில்லை. தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணமோ மலைகளைத் தாண்டி வெகு தூரம். பணமும் தாராளமாக வராது. இந்த நிலைமையில் ஒரு பெரிய படையைக் கட்ட வேண்டும். இதுதான் ஹைதர் முன்னால் இருந்த சிக்கல்.

ஹைதர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பீரங்கி செய்யத் தெரிந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எனவே அவர்களின் உதவியோடு திண்டுக்கல்லிலேயே ஆயுதச்சாலை அமைத்தார். சம்பளத்துக்குப் பணம் போதாது. எனவே கொள்ளையில் கிடைப்பதில் பாதி வீரனுக்கு, பாதி தனக்கு என ஓர் ஏற்பாடு. யாரும் எதையும் பதுக்க முடியாதபடி கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். அதற்கு காண்டே ராவ் என்ற பிராமண அதிகாரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

இதைக் கேட்கும்போது பலே என்று சொல்லத் தோன்றலாம். ஆனால் அந்தக் கொள்ளையில் போனது ஊர்மக்களின் ஆடு மாடும் தானியமும்தான். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் காதில் கிடந்த நகையைக்கூட விடவில்லை என்று மைசூர் வரலாற்றை எழுதிய ஆங்கிலேய அதிகாரி மார்க் வில்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் எதிர்முகாமைச் சேர்ந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

வில்க்ஸ் சொல்லும் இன்னொரு சம்பவமும் உண்டு. போரில் காயம்பட்டவர்களுக்குத் தலைநகரிலிருந்து உதவித்தொகை வரும். அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தபோது, காயமே படாத நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டி, காயம்பட்டவர்களாக ஹைதர் காட்டினாராம். வந்தவர் எதைப் பார்ப்பார், எதை நம்புவார் என்பதை முன்கூட்டியே கணித்த கில்லாடித்தனம் அது.

எல்லாக் கணக்கும் பலிக்கவும் இல்லை. 1757-ல் மதுரை வரை படையோடு போன ஹைதரை, நத்தம் கணவாய்ப் பக்கம் மருதநாயகம் என்கிற யூசுப் கான் தோற்கடித்து விரட்டினார்.

மூளைக்குள் இவ்வளவு விஷயம் எப்படி நின்றது?

மனிதர்கள் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் அது சுமார் ஏழு என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் நான்குதான் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு படையின் சம்பளம், தீனி, குதிரை, வெடிமருந்து எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே வைத்திருப்பது எப்படி?

விடை, விஷயங்களை மூட்டை கட்டுவதில் இருக்கிறது. பத்து இலக்க மொபைல் நம்பரை யாரும் பத்து தனி எண்களாக நினைவில் வைப்பதில்லை. மூன்று, நான்காகச் சேர்த்துத்தான் வைப்போம். அதே வேலைதான். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் செஸ் ஆட்டக்காரர்களைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவே இருக்கும் பலகையைச் சில நொடிகள் மட்டும் காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக நினைவுகூர்ந்தார். ஆனால் காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டியபோது அவரும் புதியவர் மாதிரியே திணறினார். அதாவது, தேர்ந்தவரின் நினைவாற்றல் பொதுவான வரம் அல்ல. பழகிய துறையில் பல வருடம் புழங்கியதால் வந்த திறமை.

குதிரைகளுக்கும் படைகளுக்கும் நடுவிலேயே வளர்ந்த ஹைதருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு நூறு தகவலாகத் தெரிந்தது, அவருக்கு நாலைந்து மூட்டைகளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்காதவர்களுக்கு யோசிக்கத் தெரியாதா?

இந்தக் கேள்விக்கு அறிவியலே ஒரு காலத்தில் அவசரமாகப் பதில் சொன்னது. 1931, 1932-ல் ரஷ்ய உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பனி மூடிய வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. குறிப்பிட்ட ஊர் அந்த வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? எழுத்தறிவில்லாத விவசாயிகள் பலர், போய்ப் பார்க்காத ஊரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று பதில் தர மறுத்துவிட்டார்கள். எழுத்தறிவு இல்லாததால் கண்ணால் பார்த்ததைத் தாண்டி அவர்களால் யோசிக்க முடியவில்லை என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது.

அதை ஆட்டம் காணச் செய்தது ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் நடந்த ஆய்வு. அங்குள்ள வாய் இன மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. அதைப் பள்ளியில் அல்ல, வீட்டிலும் தெரிந்தவர்களிடமும் கற்பார்கள். சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் இருவரும் 1981-ல் வெளியிட்ட முடிவு இது: எழுத்து மட்டும் தெரிந்ததால் பொதுவான யோசிக்கும் திறன் பெரிதாக மாறவில்லை. இந்த மாதிரிப் புதிர்களில் வித்தியாசத்தைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடப் பழக்கம்தான். பார்க்காததைச் சொல்ல மறுப்பதும் ஒரு வகை எச்சரிக்கைதானே தவிர, முட்டாள்தனம் இல்லை.

1985-ல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரைச் சோதித்தார்கள். சந்தையில் சில்லறைக் கணக்கை 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன், வண்டி வாடகை, சாக்கு எடை எல்லாவற்றையும் நொடியில் கழித்துச் சொல்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நம்பிய கணக்கர் கவிழ்த்த கதை

ஆனால் எழுதத் தெரியாததற்கு ஹைதர் ஒரு விலை கொடுத்தார். திண்டுக்கல்லில் இருந்து தலைநகர் திரும்பியதும், சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்த படையின் கணக்கை காண்டே ராவோடு சேர்ந்து அலசித் தீர்த்து வைத்தார். செல்வாக்கு மளமளவென்று ஏறியது. கணக்கும் கடிதமும் மட்டும் காண்டே ராவ் கையில். 1760 ஆகஸ்டில் அதே காண்டே ராவ் அரச குடும்பத்தோடும் மராத்தியர்களோடும் சேர்ந்து ஹைதரைக் கவிழ்த்தார். ஹைதர் குடும்பத்தை விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்ததும் மனக்கணக்கால்தான். நஞ்சராஜா பெயரில் போலிக் கடிதங்கள் தயாராயின. காண்டே ராவைப் பிடித்துக் கொடுக்க அவருடைய படைத்தலைவர்கள் ஒப்புக்கொண்டது போல அவற்றில் எழுதப்பட்டிருந்தது. கடிதங்கள் காண்டே ராவ் கையிலேயே சிக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எழுத்தை நம்பிய மனிதர் எழுத்தைப் பார்த்தே பயந்து படையை விட்டு ஓடினார். 1761-ல் மைசூர் ஹைதர் வசமானது. பிடிபட்ட காண்டே ராவ் இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டார். கூர்மையான மூளைக்காரர் இரக்கமுள்ளவராகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கேள்வியையே மாற்றினார்

முதலாம் மைசூர் போரின் கடைசியில், ஆங்கிலேயப் படையை எப்படித் தோற்கடிப்பது என்பதுதான் எல்லோர் முன்னாலும் இருந்த கேள்வி. ஹைதர் அதை மாற்றிக்கொண்டார். போரை நிறுத்தும் முடிவை எடுக்கப்போவது யார்? சென்னை கோட்டையில் இருக்கும் கவர்னரும் ஆலோசனைக் குழுவும். பெரிய படையையும் பீரங்கிகளையும் வேறு பக்கம் அனுப்பிவிட்டு, குதிரைப்படையோடு மூன்றரை நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து, 1769 மார்ச் கடைசியில் சென்னையை நெருங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. சிக்கல் தீராதபோது அதைப் பார்க்கும் கோணத்தையே மாற்றுவது, பிரச்சினை தீர்ப்பதில் முக்கியமான படி என்று இன்றைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

ஒருவர் எழுத, இன்னொருவர் படிக்க

1779-ல் கம்பெனியின் தூதராக சுவார்ட்ஸ் பாதிரியார் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்தவர், தமிழ் தெரிந்தவர் அவர். ஹைதரின் நினைவாற்றலைக் கண்டு வியந்த அவர், ஒரு பழக்கத்தையும் குறித்து வைத்திருக்கிறார். ஹைதர் ஒருவரிடம் கடிதம் எழுதச் சொல்லி, அவரையே படித்துக் காட்டச் சொல்வார். பிறகு வேறொருவரை அழைத்து அதே கடிதத்தைப் படிக்க வைப்பார். சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறியிருந்தாலும் எழுதியவர் தலை தப்பாது.

தண்டனை கொடூரமானது. ஆனால் முறை புத்திசாலித்தனமானது. ஒரே ஆளை நம்பியிருக்கும் ஆபத்து அதில் இல்லை. யோசிப்பது ஒரு மண்டைக்குள் மட்டும் நடப்பதில்லை, பல ஆட்களுக்கும் கருவிகளுக்கும் இடையே பங்கிடப்படுகிறது என்று கப்பல் மாலுமிகளை ஆராய்ந்த எட்வின் ஹட்சின்ஸ் 1995-ல் விளக்கினார். ஹைதரின் தர்பார் அதற்கு நல்ல உதாரணம்.

அவர் இல்லாமலும் ஓடிய ஏற்பாடு

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் ஹைதர் தோற்றார். 1782 டிசம்பர் 7-ம் தேதி சித்தூர் அருகே முகாமில் இறந்தார். திப்பு அப்போது தொலைவில், மலபார் கரையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை அதிகாரிகள் மரணத்தை ரகசியமாக வைத்தார்கள். முகாம் வேலைகள் வழக்கம்போல நடந்தன. ஹைதரின் தலைக்குள் மட்டுமே இருந்த ராஜ்ஜியமாக இருந்திருந்தால் அது அன்றே கலைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. படிக்காத ஹைதர், மகன் திப்புவைப் பாரசீகம் கற்கவைத்து நன்றாகப் படிக்க வைத்தார். பெரிய நூலகம் வைத்திருந்த அரசர் என்ற பெயர் பின்னால் திப்புவுக்குக் கிடைத்தது. எழுத்து இல்லாமல் யோசிக்க முடியும் என்பதும், எழுத்து இருந்தால் எவ்வளவு சுமை குறையும் என்பதும் ஹைதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திண்டுக்கல் கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம்தான் பேகம்பூர். அதே ஊர் வங்கியிலோ அலுவலகத்திலோ பெருவிரலை மையில் தொட்டு வைக்கும் பாட்டியை, விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிப் பேசுவது இன்றும் நடக்கிறது. அவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்ட ஒருவர் தேவைப்படலாம், அது சரியா என்று பார்க்க இன்னொருவரும் தேவைப்படலாம். ஆனால் யோசிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.