ஏடு ஏந்திய தளபதி

தோழர்களே! களத்திலே நின்ற வீரர்களின் கதை பல கேட்டிருக்கிறோம். போர் ஓய்ந்த பிறகு, நடந்தது மறைந்துவிடக் கூடாதே என்று, பேனாவும் நோட்டுப் புத்தகமுமாக ஊர் ஊராக அலைந்த தளபதியின் கதை கேட்டதுண்டா? அயர்லாந்து வீரன் எர்னி ஓமாலியின் கதை அது.

1897இல் மேயோ வட்டாரத்துக் காசில்பார் நகரில் பிறந்தான். டப்ளினில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்தபோது, 1916 ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. நோய் தீர்க்கப் படிக்க வந்தவன், நாட்டின் அடிமை நோய் தீர்க்கக் கிளம்பிவிட்டான். சிற்றூர்கள்தோறும் சென்று, உழவர் வீட்டுப் பிள்ளைகளைப் படையாகத் திரட்டினான். 1920 டிசம்பரில் பிடிபட்டான். அடித்தார்கள், உதைத்தார்கள், தன் உண்மைப் பெயரைக்கூட அவன் தரவில்லை! 1921 பிப்ரவரியில் கில்மைனம் சிறையிலிருந்து தப்பினான். அதே ஆண்டில் ஒரு படைப்பிரிவுக்கே தளபதியானான்.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு உடன்படிக்கை. அன்றுவரை ஒரே தட்டில் உண்டவர்கள் இரு கூறானார்கள். ஏற்றவர்கள் புதிய அரசின் தேசியப் படையில். மறுத்தவர்கள் எதிர் அணியில். ஓமாலி மறுத்தவன். டப்ளின் நீதிமன்ற மாளிகையில் அவன் அணி அரண் அமைத்தது. 1922 ஜூனில், பிரிட்டனிடம் இரவல் பெற்ற பீரங்கிகளால் தேசியப் படை அதைத் தாக்கிற்று. அங்கிருந்த ஆவணக் காப்பகம் ஜூன் 30ஆம் நாள் வெடித்துச் சிதறியது. பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. அண்ணன் தம்பி சண்டையிலே வீட்டுப் பத்திரம் எரிந்த கதைதான்!

நவம்பரில் குண்டுகள் பல துளைக்க ஓமாலி பிடிபட்டான். சிறையில் இருந்தபடியே 1923 தேர்தலில் வென்றான். 41 நாள் உண்ணாவிரதம் இருந்தான். 1924 ஜூலையில்தான் கதவு திறந்தது. உடலில் குண்டுகள்; கையில் பணமில்லை; பட்டம் இல்லை. 1936இல் விடுதலைப் போர் நினைவுகளை நூலாக்கினான். அவதூறு வழக்கு வந்தது, தண்டம் கட்டினான்.

அதோடு ஓய்ந்தானா? இல்லை! தன் நினைவு மட்டும் வரலாறாகிவிடாது என்று உணர்ந்தான். 1940களின் பிற்பகுதியிலும் 50களின் தொடக்கத்திலும், இதயம் நலிந்த நிலையிலும், பழைய போர்வீரர்களைத் தேடிப் புறப்பட்டான். 400க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தான். வென்றதை மட்டுமா கேட்டான்? தோற்றதையும், பூசலையும், புண்ணையும் கேட்டு எழுதினான்.

அரசும் 1947இல் ஒரு வரலாற்றுப் பணியகம் அமைத்தது. 1,773 சாட்சியங்கள் திரண்டன. ஆனால் அது எடுத்துக்கொண்ட காலம் 1921 ஜூலையோடு முடிந்தது. உடன்பிறந்தார் மோதிய கதைக்கு அங்கே இடமில்லை. சேர்த்ததையும் பூட்டி வைத்தார்கள். 2003இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். அரசு நின்ற இடத்தைத் தாண்டி, உள்நாட்டுப் போரையும் கேட்டு எழுதினான் ஓமாலி. குறை உண்டு, அவன் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் அவன் அணியினரே. ஆனாலும், அந்த ஏடுகள் இல்லையேல் அந்தக் குரல்களில் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

1957 மார்ச் 25ஆம் நாள் மறைந்தான். எந்த அரசு அவனைச் சிறையிட்டதோ, அதே அரசின் மரியாதையோடு இறுதி ஊர்வலம்! உள்நாட்டுப் போர் பற்றிய அவன் நினைவு நூல் 1978இல்தான் வெளிவந்தது. கிறுக்கெழுத்து நிறைந்த அவன் குறிப்பேடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

தோழர்களே! வென்றவன் எழுதுவது பாதி வரலாறு. மீதிப் பாதி, ஏதோ ஒரு திண்ணையிலே, கேட்பாரற்று இருமிக்கொண்டு இருக்கிறது. அந்தத் திண்ணையிலே போய் உட்கார்ந்தவன் ஓமாலி. கிழவர் கண் மூடுமுன், நாமும் போய் உட்காருவோம்!