எஞ்சின் ஓட்டிய பிரதமர்

திருப்பலியில் நற்கருணை நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து வரிசையில் செல்ல, ஒருவர் மட்டும் இருந்த இடத்திலேயே அமர்ந்திருப்பதை நம் ஆலயங்களில் பார்த்திருப்போம். அவர் ஏன் எழவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் திருமணம் தொடர்பான காரணமாகவே இருக்கும். அவர் அடுத்த ஞாயிறும் வருகிறாரா என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அப்படி வந்துகொண்டே இருந்த ஒருவர், ஆஸ்திரேலியாவின் 16-வது பிரதமரானார். அவர் பெயர் ஜோசப் பெனடிக்ட் சிஃப்லி. மக்கள் அவரை பென் சிஃப்லி என்றே அழைத்தார்கள்.

1885 செப்டம்பர் 22 அன்று, சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், நீல மலைகளைத் தாண்டி இருக்கும் பாதர்ஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை கொல்லர். குடும்பம் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். ஐந்து வயதில் சிறுவனைத் தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பி வைத்தார்கள். லைம்கில்ன்ஸ் என்ற அந்த ஊரில், மண் சுவர் வீட்டில், வைக்கோல் துணுக்குகள் அடைத்த சாக்குப் படுக்கையில் தூங்கி வளர்ந்தான். வாரத்தில் சில நாள்கள்தான் பள்ளிக்கூடம். மற்ற நாள்களில் உருளைக்கிழங்கு வயலில் வேலை.

1893-ல் ஆஸ்திரேலிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை அடைத்தன. தாத்தாவின் சேமிப்பும் அதில் போயிற்று. அப்போது பென்னுக்கு வயது எட்டு கூட நிறையவில்லை. ஒரு முதியவரின் உழைப்பெல்லாம் ஒரே நாளில் எப்படிக் கரைந்துபோகும் என்பதை அவன் கண்ணால் கண்டான். பிற்காலத்தில் அவர் வங்கிகளுடன் நடத்திய பெரும் போராட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தாத்தா இறந்தபின் 14 வயதில் பாதர்ஸ்டுக்குத் திரும்பி, பேட்ரீசியன் அருட்சகோதரர்களின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்தார். சென்னை அடையாற்றில் புனித பேட்ரிக் பள்ளியை நடத்தும் அதே துறவற சபைதான். அவருடைய முறையான படிப்பு அத்துடன் முடிந்தது. கடை வேலை, தோல் பதனிடும் இடத்தில் வேலை என்று அலைந்து, 1903-ல் இரயில்வேயில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். எஞ்சின் துடைத்தார், பிறகு ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டார், பிறகு ஓட்டுநரானார். 28 வயதில் முதல் வகுப்பு எஞ்சின் ஓட்டுநர்! அந்த வயதில் அந்தப் பதவி அபூர்வம். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று பல ஆண்டுகள் மாலை வகுப்புகளுக்குச் சென்றார். பொருளாதாரம், வரலாறு, இலக்கியம் எல்லாம் அவர் கரி படிந்த கைகளோடு கற்றுக்கொண்டவைதான். இரயில்வே பயிலகத்தில் மற்ற தொழிலாளர்களுக்கு எஞ்சின் இயக்கம் பற்றிப் பாடமும் நடத்தினார்.

அந்த 1914-ஆம் ஆண்டில்தான் அவருடைய திருமணமும் நடந்தது. மணமகள் எலிசபெத் மெக்கன்சி, இன்னொரு இரயில் ஓட்டுநரின் மகள். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். அந்தக் காலத்து நிலையை இங்கே சற்று விளக்க வேண்டும். புனித பத்தாம் பயஸ் திருத்தந்தையாக இருந்தபோது வெளியான நே தெமேரே என்ற ஆணை, 1908 உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கர் ஒருவர் குருவின் முன்னிலையில் அல்லாமல் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று அது கூறியது. சிறப்பு அனுமதி பெற்றுக் குருவின் முன் மணமுடிக்கலாம். ஆனால் பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக உறுதிமொழி தர வேண்டும். பிரஸ்பிட்டேரியன் குடும்பங்களுக்கு அது மிகவும் கசப்பாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் அந்த நாள்களில் கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் இடையே இருந்த பகையை இன்று கற்பனை செய்வதே கடினம். வேலை விளம்பரங்கள்கூட மதம் பார்த்தன.

ஆக, எலிசபெத் தன் சபையை மறுதலிக்க வேண்டும், அல்லது பென் தன் சபையில் திருவருட்சாதனங்களை இழக்க வேண்டும். இருவரில் ஒருவர் அடி வாங்கத்தான் வேண்டும் என்றால் அது தானாகவே இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்ததாகச் சொல்வார்கள். 1914 ஜூன் 6 அன்று சிட்னியின் கிளீப் பகுதியில் ஒரு பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் திருமணம் நடந்தது. திருச்சபையின் பார்வையில் அது திருமணமே அல்ல. இனி அவர் நற்கருணை வாங்க முடியாது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை, வேறு சபையில் சேரவுமில்லை. திருப்பலிக்குப் போவதைத் தொடர்ந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. எலிசபெத்தின் உடல்நிலையும் பலவீனமானது. பாதர்ஸ்டில் பஸ்பி தெரு 10-ஆம் எண் வீடு, சிறிய வீடு, கடைசிவரை அவர்களுடைய இல்லமாக இருந்தது.

இரண்டாவது அடி 1917-ல் விழுந்தது. நியூ சவுத் வேல்ஸ் இரயில்வே தொழிலாளர்கள், ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் நேரத்தை அட்டையில் குறிக்கும் புதிய முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சிஃப்லிக்கு அந்த வேலைநிறுத்தம் புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. ஆனாலும் சக தொழிலாளர்களை விட்டு விலகாமல் அவரும் எஞ்சினை விட்டு இறங்கினார். போராட்டம் தோற்றது. வேலை போயிற்று. மறுபடி சேர்த்துக்கொண்டபோது பணிமூப்பை இழந்து, கீழ்ப்பதவியில்தான் இடம் கிடைத்தது. தான் பயிற்சி கொடுத்தவர்களுக்குக் கீழே நின்று கரி அள்ளிப் போட்டார். 1925-ல்தான் அந்த மூப்பு திரும்பக் கிடைத்தது. அரசியலுக்கு அவரைத் தள்ளியது அந்த அநீதிதான்.

1928-ல் மக்குவாரி தொகுதியிலிருந்து தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்றார். 1929-ல் அக்கட்சியின் ஜேம்ஸ் ஸ்கலின், ஆஸ்திரேலியாவின் முதல் கத்தோலிக்கப் பிரதமர், ஆட்சிக்கு வந்த சில நாள்களிலேயே உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தாக்கியது. 1931-ல் சிஃப்லி பாதுகாப்பு அமைச்சரானார். ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டும் திட்டத்தை, வேறு வழி தெரியாமல் அவரும் ஏற்றார். சொந்தத் தொழிற்சங்கமே அவரை நீக்கியது. அவ்வாண்டு இறுதித் தேர்தலில் தோற்று, ஒன்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தார்.

இந்த ஒன்பது ஆண்டுகள் வீணாகவில்லை என்பதே என் எண்ணம். உள்ளூர் மன்றத்தில் சாலைக்கும் பாலத்துக்கும் அலைந்தார். 1935-ல் அமைக்கப்பட்ட வங்கி மற்றும் நாணய முறை பற்றிய அரச ஆணையத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வல்லுநர்கள் நிறைந்த அந்த ஆணையத்தில் இந்த எஞ்சின் ஓட்டுநர், தனியார் வங்கிகளை அரசுடைமையாக்க வேண்டும் என்று 1937-ல் தனிக்கருத்து எழுதி வைத்தார்.

1940-ல் மீண்டும் வென்றார். 1941 அக்டோபரில் ஜான் கர்ட்டின் பிரதமரானபோது சிஃப்லி நிதியமைச்சர். போர்ச் செலவுக்காக மாநிலங்களின் வருமான வரியை 1942-ல் மத்திய அரசிடம் கொண்டுவந்தவர் அவர்தான். அதே ஆண்டில் கைம்பெண்களுக்கு உதவித்தொகை வந்தது. தொடர்ந்து வேலையற்றோருக்கும் நோயாளிகளுக்கும் உதவித்தொகை வந்தது. பெருமந்தத்தில் வரிசையில் நின்றவர்களை அவர் மறக்கவில்லை.

1945 ஜூலை 5 அன்று, போர் முடியும் முன்பே கர்ட்டின் இறந்தார். ஜூலை 13-ல் சிஃப்லி பிரதமராகப் பொறுப்பேற்றார். வயது 59.

பிரதமருக்கென்று கான்பெராவில் இருந்த மாளிகையில் அவர் குடியேறவில்லை. முன்பு தங்கியிருந்த குராஜாங் ஹோட்டல் அறையிலேயே இருந்துகொண்டார். அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு நடந்தே போவார். வாயில் புகைக்குழாய். அவருடைய தொலைபேசி எண் ஊரிலிருந்த இறைச்சிக் கடையின் எண்ணை ஒத்திருந்ததாம். வீட்டுப் பெண்கள் தவறி அழைத்து, கறிக்கு ஆர்டர் சொல்வார்கள். பிரதமர் அதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு கடைக்காரருக்குத் தெரிவிப்பாராம். கதை சற்று வளர்ந்திருக்கலாம், ஆனால் ஆஸ்திரேலியர்கள் இன்றும் இதை விரும்பிச் சொல்கிறார்கள்.

அவர் ஆட்சியின் சாதனைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சமூக நல உதவிகளுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு 1946 பொதுவாக்கெடுப்பில் கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1949 அக்டோபரில் ஸ்னோவி மலை நீர்மின் திட்டம் தொடங்கியது. 1974-ல் முடிந்த அந்தத் திட்டத்தில் 30-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சம் பேர் வேலை செய்தார்கள். போரினால் வீடிழந்த ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவருடைய சொந்த ஊரான பாதர்ஸ்டிலேயே, பழைய இராணுவ முகாம் ஒன்று அவர்களுக்குத் தங்குமிடமானது. வந்தவர்களில் கத்தோலிக்கர் பலர். ஆஸ்திரேலியத் திருச்சபையின் முகமே அதனால் மாறியது.

இந்தியருக்கு நினைவில் நிற்கவேண்டியது ஒன்றும் உண்டு. 1949 ஏப்ரலில் லண்டனில் கூடிய மாநாட்டில், குடியரசாகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்க வழி காணப்பட்டபோது நேருவுடன் மேசையில் இருந்தவர்களில் சிஃப்லியும் ஒருவர். இந்தோனேசியாவின் விடுதலைப் பிரச்சினையை 1947-ல் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குக் கொண்டுசென்றவை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும்தான். ஆனால் இதே அரசுதான், போர்க்காலத்தில் அடைக்கலம் தேடி வந்த ஆசியர்களை வெளியேற்ற 1949-ல் தனிச்சட்டம் இயற்றியது. வெள்ளையருக்கு மட்டுமே குடியேற்றம் என்ற கொள்கையை அவர் கேள்வி கேட்கவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1947 ஆகஸ்டில், வங்கிச் சட்டத்தின் ஒரு பிரிவை உயர் நீதிமன்றம் செல்லாது என்றதும், எல்லாத் தனியார் வங்கிகளையும் அரசுடைமையாக்கப் போவதாக அறிவித்தார். நாடு கொந்தளித்தது. வங்கி ஊழியர்கள் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்கள். 1948-ல் உயர் நீதிமன்றத்திலும், 1949-ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் அவர் தோற்றார். தாத்தாவின் இழப்பு அவர் மனத்தில் அவ்வளவு ஆழமாக இருந்தது. அந்த ஆழமே மக்களின் அச்சத்தை அவர் கணிக்கத் தவறியதற்கும் காரணம் என்று தோன்றுகிறது.

1949 ஜூன் மாதக் கட்சி மாநாட்டில், தொழிற்கட்சியின் நோக்கம் யாரையாவது பதவியில் அமர்த்துவதல்ல என்றும், மலைமேல் தெரியும் ஒரு வெளிச்சத்தை நோக்கி மக்களை அழைத்துச் செல்வதே என்றும் பேசினார். மத்தேயு நற்செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உருவகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரங்களில் சோதனை வந்தது. ஜூன் 27 அன்று சுமார் 23,000 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குளிர்காலம். மின்சாரம் இல்லை, அடுப்புக்கு எரிவாயு இல்லை. சங்கத் தலைமையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். சங்க நிதியை முடக்கச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறை சென்றார்கள், ஆகஸ்ட் 1 அன்று இராணுவ வீரர்கள் சுரங்கங்களில் இறங்கினார்கள். 1917-ல் வேலைநிறுத்தம் செய்து தண்டிக்கப்பட்ட அதே மனிதர்தான் இந்த ஆணையை இட்டவர். இருவார காலத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளர்களில் பலர் அவரை மன்னிக்கவே இல்லை. டிசம்பர் 10 தேர்தலில் ராபர்ட் மென்சீஸ் வென்றார். தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வர 23 ஆண்டுகள் பிடித்தன.

1950-ல் மென்சீஸ், கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வத்திக்கான் கடுமையான ஆணை வெளியிட்டிருந்தது. ஆஸ்திரேலியக் கத்தோலிக்கர்களில் பலர் தடையை வரவேற்றார்கள். கம்யூனிஸ்டுகளால் ஆட்சியையே இழந்த சிஃப்லி எதிர்த்தார்! குற்றம் சாட்டப்பட்டவரே தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதியை அவரால் ஏற்க முடியவில்லை. விசாரணையின்றி ஒருவரின் வாழ்வாதாரத்தைப் பறிப்பது என்ன என்று எஞ்சின் கொட்டகையில் அவர் அறிந்திருந்தார். கடைசியில் கட்சி மேலிடமே அவரைப் பணிய வைத்தது. அடுத்த மாதம் மாரடைப்பு. 1951 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்களும் தடையை நிராகரித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

1951 ஜூன் 13 அன்று இரவு, கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் பொன்விழாவுக்காக கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் விருந்தும் நடனமும் நடந்தன. உயர்ந்த உடைகளும் விருந்துகளும் ஒத்துவராத சிஃப்லி, ஹோட்டல் அறையிலேயே இருந்துவிட்டார். அங்கே மீண்டும் மாரடைப்பு வந்தது. அன்றிரவே உயிர் பிரிந்தது. செய்தி எட்டியதும் மென்சீஸ் இசையை நிறுத்தச் சொல்லி, தன் அரசியல் எதிரியின் மரணத்தைக் குரல் தழுதழுக்க அறிவித்தார். நடனம் கலைந்தது.

கலப்புத் திருமணங்கள் பற்றிய விதிமுறைகளைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-ல் தளர்த்தினார். சிஃப்லிக்கு அது 19 ஆண்டுகள் தாமதம். ஆனால் 1951-ல் அவருடைய உடல் பாதர்ஸ்டுக்கு வந்தபோது, இறுதிச் சடங்கு புனித மிக்கேல், புனித யோவான் பேராலயத்தில்தான் நடந்தது. பின்னர் அந்த ஊர்க் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். எலிசபெத் பஸ்பி தெரு வீட்டுக்குத் திரும்பி, 1962-ல் இறக்கும் வரை வாழ்ந்தார்.