மனிதனை அளந்த கெட்லே

காரைக்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலத்தில் இருப்பவரானாலும் சரி, கடல் கடந்த சீமையில் இருப்பவரானாலும் சரி, இருதய நோய் வந்துவிடுமோ என்று அஞ்சி டாக்டரிடம் போனால் முதலில் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்கிறார்கள். இந்தக் கணக்குக்கு வித்திட்டவர் வைத்தியர் அல்லர். வானத்தைப் பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த ஒரு கணித ஆசிரியர். அடோல்ப் கெட்லே என்பது அவர் பெயர்.

இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டில், கெண்ட் நகரில், 1796-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி கெட்லே பிறந்தார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். பிழைப்புக்கு வழி தேட வேண்டிய நிலையில், இன்னும் இருபது வயது நிரம்பாத பருவத்திலேயே கணித ஆசிரியரானார். மனம் என்னவோ கலைகளில்தான் இருந்தது. ஓவியம் தீட்டினார், கவிதை புனைந்தார், நண்பருடன் சேர்ந்து இசை நாடகம் ஒன்றுகூட எழுதினார். ஆனாலும் கணிதம் அவரை விடவில்லை. 1819-ல் கெண்ட் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, பிரஸ்ஸல்ஸ் நகருக்குக் குடிபோனார்.

அங்கே ஒரு வானாராய்ச்சி நிலையம் வேண்டும் என்று சர்க்காரிடம் மன்றாடினார். அந்தத் தொழிலைக் கற்க 1823-ல் அவரைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் வானத்தோடு இன்னொன்றையும் கற்றுக்கொண்டார். ஒரே நட்சத்திரத்தைப் பல பேர் அளந்தால் பல அளவு வரும்; அவற்றின் சராசரியே உண்மைக்கு மிக அருகில் இருக்கும் என்பது வானசாஸ்திரிகளின் வழக்கம். நட்சத்திரத்துக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்தாதா என்ற கேள்வி அவர் உள்ளத்தில் விழுந்தது.

1830-ல் பெல்ஜியத்தில் புரட்சி வெடித்தது. கட்டி முடியாத வானாராய்ச்சி நிலையம் போராளிகளின் அரணாக மாறியது. நட்சத்திரம் பார்க்க வழியில்லாமல் போன அந்த நாட்களில் கெட்லேயின் கவனம் மனிதர்கள் பக்கம் மேலும் திரும்பியதில் வியப்பில்லை. குழந்தைகள், வாலிபர்கள், முதியவர்கள் என்று பலரின் உயரத்தையும் எடையையும் திரட்டினார். வளர்ந்து முடிந்தவர்களில், எடையானது உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடுகிறது என்று கண்டார். 1835-ல் வெளியான அவருடைய பெரிய நூல் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை உலகுக்குத் தந்தது.

ஸ்காட்லாந்துப் படையினர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவை அவர் அடுக்கிப் பார்த்த கதை பிரசித்தம். மிகப் பெரும்பாலோர் 40 அங்குலத்தை ஒட்டி நின்றார்கள்; ஒல்லியும் பருமனும் இரு பக்கமும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போயின. பிரெஞ்சுப் படைக்கு அழைக்கப்பட்ட ஒரு லட்சம் வாலிபர்களின் உயரக் கணக்கு இதைவிட ருசியானது. 157 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் படையில் சேர வேண்டியதில்லை. அந்த வரம்புக்குக் கீழே, கணக்குக்கு ஒவ்வாத அளவில் ஆட்கள் மிகுந்திருந்தார்கள். ஏறக்குறைய 2,000 பேர் குள்ளர்களாக நடித்துத் தப்பிவிட்டார்கள் என்று கெட்லே, ஓர் ஆளைக்கூட நேரில் பார்க்காமலே, கண்டுபிடித்துவிட்டார்!

சராசரியின்மேல் அவருக்கு இருந்த மோகம் சற்று அதிகம்தான். சராசரியே இயற்கையின் இலட்சியம், மற்றதெல்லாம் பிழை என்று நினைத்தார். ஊருக்குப் பொருந்தும் கணக்கு ஓர் ஆளுக்குப் பொருந்தாமல் போகலாம் என்ற சங்கடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1855-ல் பேரிடி விழுந்தது. மூளையின் ரத்தக் குழாயைத் தாக்கும் நோயால் படுத்தார். உயிர் தப்பினார், ஞாபக சக்தி பழையபடி திரும்பவில்லை. எண்களையே மூச்சாகக் கொண்டிருந்தவருக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன? ஆயினும் வேலையை விடவில்லை. வானசாஸ்திரியான மகன் எர்னஸ்ட் துணை நின்றார். உடல் அளவுகளைப் பற்றிய கடைசிப் பெரும் நூலையும் முடித்து வெளியிட்டுவிட்டு, 1874-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி பிரஸ்ஸல்ஸில் கண் மூடினார்.

பருமனைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ கெட்லே ஆராய்ந்ததில்லை. அவர் கணக்கு வைத்தியத்துக்கு வந்தது, மறைந்து நூறு ஆண்டுகள் நெருங்கிய பிறகுதான். அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்பவர் 1972-ல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களை அளந்து, உடல் கொழுப்பை ஊகிக்க இந்தக் கணக்கே எளிது என்று காட்டி, அதற்குப் புதுப் பெயரும் சூட்டினார். உடல் நிறை குறியீடு என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆனால் எடை சொல்லாத ஒன்றை இடுப்பு நாடா சொல்லிவிடும். வயிற்றில் சேரும் கொழுப்பே அதிக ஆபத்து என்று பிரெஞ்சு டாக்டர் ழான் வாக் 1947-லேயே எழுதினார். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி, மாரடைப்பை முன்னறிய உடல் நிறை குறியீட்டைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதமே மேல் என்று 2005-ல் கண்டது.

170 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்குக் கெட்லே கணக்குப்படி வருவது 23.5. உலகப் பொது வரம்பு 25 என்பதால் ஐரோப்பியர் நிம்மதியாக வீடு திரும்பலாம். நம்மவர்களுக்கு அப்படியில்லை. மெலிந்து தோன்றினாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு என்பதால், இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்புக்கு வைத்த எல்லை. வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் போதாது. தொந்தி உள்ளவர்கள் அதற்குக் கீழேதானே கட்டுகிறார்கள்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும்.